கப்பல்களின் கரியமில வாயுத் தீயணைப்பு அமைப்பு: சோதனைக்கு ஆயத்தம் செய்தல்

நடுக்கடலில் ஒரு கப்பலில் தீப்பற்றினால் உதவிக்கு விரைந்து வரும் தீயணைப்பு வண்டி இல்லை. தீயை விட்டு விலகி நிற்பதற்கு வெளியிடமும் இல்லை. கப்பலில் உள்ளவர்கள் தம்மிடம் உள்ள சாதனங்களைக் கொண்டே தம்மைக் காத்துக்கொள்ள வேண்டும். அச்சாதனங்களுள் இறுதியாகக் கையாளப்படுவது, கப்பலில் நிலையாகப் பொருத்தப்பட்டுள்ள வாயுத் தீயணைப்பு அமைப்பாகும். எஞ்சின் அறையிலோ சரக்கு அறையிலோ தீ முற்றி, கைக்கருவிகளும் தண்ணீர்க் குழாய்களும் பயன்படாத நிலை வருமாயின், ஆட்கள் அனைவரையும் வெளியேற்றி, அறையை எல்லாப் பக்கங்களிலும் அடைத்து, பெரும் அளவில் கரியமில வாயுவை ஒரே சமயத்தில் உள்ளே செலுத்தித் தீயை அணைப்பர்.

இவ்வமைப்பின் நிலை ஏனைய இயந்திரங்களின் நிலையினின்றும் வேறுபட்டது. பம்பு, எஞ்சின் முதலியவை நாள்தோறும் இயங்குவதால் அவற்றின் குறைகள் தாமே வெளிப்பட்டுவிடும். வாயு அமைப்போ கப்பலின் ஆயுட்காலம் முழுவதும் ஒரு முறையேனும் இயங்காமலே இருக்கக்கூடும். ஆனால் வேண்டிய அந்த ஒரு நாளில் அது தவறலாகாது. வாயு முழுவதையும் திறந்துவிட்டு ஆண்டுதோறும் சோதித்துப் பார்ப்பதும் இயலாத காரியம். ஆகவே ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியே ஆராய்ந்து, அதன் வாயிலாக முழு அமைப்பின் நிலையை அறிய வேண்டியிருக்கிறது. பாதுகாப்புச் சோதனையின் நோக்கம் இதுவே.

இச்சோதனைக்குக் கப்பலை எவ்வாறு ஆயத்தம் செய்வது என்பதைத் துறைமுகங்களிலும் கப்பல் பழுதுபார்க்கும் நிலையங்களிலும் பணியாற்றுவோருக்கும், இத்துறையின் விஞ்ஞான அடிப்படைகளை மாணவர்க்கு விளக்கும் ஆசிரியர்களுக்கும் பயன்படும் வகையில் இங்குக் காண்போம். தொடக்கத்திலேயே ஒன்றை மனத்தில் இருத்துதல் நலம். இவ்வமைப்பு இரண்டு கடமைகளை உடையது. வாயு வேண்டும்போது தவறாமல் வெளிப்பட வேண்டும்; வேண்டாதபோது எக்காரணம் கொண்டும் வெளிப்படக் கூடாது. ஆயத்த வேலையின் ஒவ்வொரு படியும் இவ்விரண்டுள் ஒன்றைச் சார்ந்ததே.

வாயு தீயை அணைக்கும் விதம்

காற்றில் பிராணவாயு ஏறக்குறைய 21 சதவிகிதம் உள்ளது. அது சுமார் 15 சதவிகிதத்துக்குக் கீழே குறையுமாயின் எண்ணெய் முதலிய பெரும்பாலான பொருள்களின் சுவாலை நிலைத்து நிற்பதில்லை. கரியமில வாயு காற்றோடு கலந்து பிராணவாயுவின் விகிதத்தைக் குறைப்பதால் தீ அணைகிறது. இவ்வாயு மின்சாரத்தைக் கடத்துவதில்லை; அணைத்தபின் கறையோ ஈரமோ விட்டுச் செல்வதுமில்லை. எனவே இயந்திரங்கள் நிறைந்த அறைக்கு இது ஏற்றது.

இது காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. இதனை வகுப்பறையில் எளிதாகக் காட்டலாம். அகன்ற கண்ணாடிப் பாத்திரம் ஒன்றில் உயரம் குறைந்த மெழுகுவர்த்தி ஒன்றையும் உயரமான மெழுகுவர்த்தி ஒன்றையும் ஏற்றி நிறுத்தி, பாத்திரத்தின் அடியில் ஆப்பச் சோடாவைத் தூவி, அதன்மேல் சிறிது வினிகரை ஊற்றுக. குட்டை மெழுகுவர்த்தி முதலில் அணையும்; பிறகே நெட்டையானது அணையும். கசிந்த வாயு கப்பலின் அடித்தளங்களிலும் பள்ளமான இடங்களிலும் தேங்குவதற்குக் காரணம் இதனால் விளங்கும்.

இவ்வாயுவின் குறை ஒன்றையும் அறிதல் வேண்டும். தீயை அணைக்கும் அளவுக்கு அது இரும்பைக் குளிர்விப்பதில்லை. சுவாலை அவிந்தபின்னும் எஞ்சினும் தகடுகளும் நெடுநேரம் சூடாகவே இருக்கும். அவசரப்பட்டுக் கதவைத் திறந்தால் புதுக்காற்று புகுந்து மீண்டும் தீப்பற்றும்.

மனிதர்க்கு இவ்வாயுவினால் விளையும் அபாயம் மூச்சுத் திணறல் மட்டுமன்று. உடலின் மீது அதற்கு நச்சுத்தன்மையும் உண்டு. காற்றில் அது 10 சதவிகிதத்தைத் தாண்டினால் சில நிமிடங்களில் நினைவு தப்பும். எஞ்சின் அறையில் தீயணைக்கச் செலுத்தும் அளவோ இதனினும் மும்மடங்குக்கு மேற்பட்டது. அந்த அறையில் அகப்பட்டவர் சில மூச்சுகளுக்குள் வீழ்ந்துவிடுவார்.

அமைப்பின் உறுப்புகள்

வாயு திரவ நிலையில் உருக்குச் சிலிண்டர்களில் அடைக்கப்பட்டிருக்கும். கப்பல்களில் பெரும்பாலும் 45 கிலோகிராம் வாயு கொள்ளும் சிலிண்டர்களே வழங்குகின்றன. 21 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணநிலையில் இவற்றின் உள்ளே அழுத்தம் ஏறக்குறைய 58 பார் இருக்கும். சிலிண்டர்கள் அனைத்தும் தனி அறை ஒன்றில் வரிசையாக நிறுத்திக் கட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் ஒரு வளையும் குழாய், ஒருவழி வால்வின் மூலம் பொதுக்குழாயில் சேரும். பொதுக்குழாயிலிருந்து எஞ்சின் அறைக்கு ஒன்றும், சரக்கு அறைகளுக்கு ஒவ்வொன்றுமாகப் பகிர்வு வால்வுகள் உண்டு. அவற்றுக்கு அப்பால் செல்லும் குழாய்கள் அறையின் கூரையிலும் அடித்தளத்திலும் உள்ள உமிழ்முனைகளில் முடியும்.

இவற்றை இயக்குவதற்கு, அபாயம் நேராத இடமொன்றில், இயக்குபெட்டி ஒன்று வைக்கப்பட்டிருக்கும். அதில் சிறிய இயக்கு சிலிண்டர்களும் இரண்டு கைப்பிடிகளும் உண்டு. ஒரு கைப்பிடி பகிர்வு வால்வைத் திறக்கும். மற்றொன்று சிலிண்டர்களிலிருந்து வாயுவை விடுவிக்கும். ஒருவர் தவறுதலாக ஒன்றைத் தொட்டாலும் வாயு வெளிவராதிருத்தற்பொருட்டே செயலை இவ்வாறு இரண்டாகப் பிரித்துள்ளனர். பெட்டியைத் திறந்த மாத்திரத்தில் எஞ்சின் அறையில் அபாயச் சங்கு ஒலிக்க வேண்டும். விளக்கும் எரிய வேண்டும். வாயு வெளிப்படுவதற்கு முன் குறைந்தது 20 விநாடிகளேனும் இவ்வறிவிப்பு நிகழ வேண்டும் என்பது விதி.

மிகப் பெரிய கப்பல்கள் சிலவற்றில் வாயுவைக் குளிர்வித்து, குறைந்த அழுத்தத்தில் ஒரே தொட்டியில் வைப்பதும் உண்டு. அதன் பரிசோதனை வேறு வகையைச் சேர்ந்தது. இக்கட்டுரை சிலிண்டர் அமைப்பைப் பற்றியதே.

எவ்வளவு வாயு வேண்டும்?

2002-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த சர்வதேசத் தீப்பாதுகாப்பு அமைப்புகள் விதித்தொகுப்பு இதற்குரிய கணக்கைத் தருகிறது. எஞ்சின் அறையின் மேற்பகுதியில் குறுகிச் செல்லும் கூண்டை நீக்கிய கொள்ளளவில் 40 சதவிகிதம், அல்லது கூண்டையும் சேர்த்த கொள்ளளவில் 35 சதவிகிதம், இவற்றுள் எது மிகுதியோ அந்த அளவு வாயு வேண்டும். சரக்கு அறைகளாயின், மிகப் பெரிய அறையின் கொள்ளளவில் 30 சதவிகிதம் போதும். 1 கிலோகிராம் கரியமில வாயு விரிந்து 0.56 கன மீட்டர் இடத்தை நிரப்பும் எனக் கொள்ளப்படுகிறது. எஞ்சின் அறைக்குரிய வாயுவில் 85 சதவிகிதம் 2 நிமிடங்களுக்குள் உள்ளே சென்றுவிட வேண்டும்.

எடுத்துக்காட்டாக, கூண்டு நீங்கலாக 2,000 கன மீட்டர் கொள்ளளவுள்ள எஞ்சின் அறை ஒன்றைக் கொள்வோம். அதில் 40 சதவிகிதம் 800 கன மீட்டர். இதனை 0.56 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1,429 கிலோகிராம் வரும். 45 கிலோகிராம் வீதம் வகுத்தால் 31.7 ஆகும். எனவே 32 சிலிண்டர்கள் வேண்டும். கணக்கில் மிச்சம் மிகச் சிறிதே என்பதைக் கவனிக்க. ஒரே ஒரு சிலிண்டர் காலியானாலும் வேண்டிய அளவு குறைந்துவிடும். சோதனையில் ஒவ்வொரு சிலிண்டரையும் எடை பார்ப்பதன் காரணம் இதுதான்.

சோதனைக் காலங்கள்

சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2009-இல் வெளியிட்டு 2021-இல் திருத்திய வழிகாட்டியின்படி சோதனைகள் பல படிகளில் நிகழ்கின்றன. 30 நாட்களுக்கு ஒரு முறை கப்பல் ஊழியர்களே கண்ணால் பார்த்துச் சரிபார்க்க வேண்டும்: வால்வுகள் மூடிய நிலையில் உள்ளனவா, சிலிண்டர்கள் உறுதியாகக் கட்டப்பட்டுள்ளனவா, குழாய்களில் சேதம் உண்டா என்பன போன்றவை. ஆண்டுதோறும் இதனினும் விரிவான ஆய்வு நிகழும். ஏறக்குறைய இரண்டாண்டுக்கு ஒரு முறை, தகுதி பெற்ற தொழில்நுட்பவியலாளர் சிலிண்டர்களின் உள்ளடக்கத்தை அளந்து, குழாய்களில் காற்றைச் செலுத்திப் பார்ப்பர். 10 ஆண்டுகளில் சிலிண்டர்களில் குறைந்தது 10 சதவிகிதத்தை நீரழுத்தச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும். அவற்றுள் ஒன்று தவறினாலும் பாதி சிலிண்டர்களையும், மேலும் தவறினால் அனைத்தையும் சோதிக்க வேண்டும். 20 ஆண்டு நிறைவுக்கு முன் எல்லாச் சிலிண்டர்களும் இச்சோதனைக்கு உட்பட்டிருத்தல் வேண்டும். வளையும் குழாய்களையும் 10 ஆண்டுகளுக்கு மேல் வைத்திருத்தல் தகாது.

முதல் ஆயத்தம்: ஆட்களின் பாதுகாப்பு

சிலிண்டரைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியவை சில உள்ளன. கேப்டனிடமும் தலைமை எஞ்சினியரிடமும் தெரிவித்து எழுத்து மூலம் அனுமதி பெறுதல் வேண்டும். துறைமுகத்தில் நிற்கும் கப்பலாயின் துறைமுக அதிகாரிக்கும் தெரிவிக்க வேண்டும். எஞ்சின் அறையில் யார் யார் உள்ளனர் என்பதைக் கணக்கெடுத்து, வேலை நடக்கும் நேரத்தில் இன்றியமையாதவர் தவிர ஏனையோரை வெளியேற்ற வேண்டும். எஞ்சியவர்கள் வெளியேறும் வழியையும் சங்கொலியின் பொருளையும் அறிந்திருத்தல் அவசியம். வெளியிலிருந்து வந்த கூலியாட்கள் சங்கொலியை அறியாதிருக்கக்கூடும். அவர்களுக்கு அதனை ஒலித்தே காட்டுவது சிறந்தது.

சிலிண்டர் அறைக்குள் நுழையுமுன் விசிறியை ஓட்டிக் காற்றை மாற்ற வேண்டும். பிராணவாயு அளக்கும் கருவி ஒன்றை மட்டும் நம்புவது தவறு. அதற்குரிய காரணம் மாணவர்க்கு நல்ல கணக்காகவும் அமையும். காற்றில் 5 சதவிகிதம் கரியமில வாயு கலந்துவிட்டதாகக் கொள்வோம். பிராணவாயு 20.9 இலிருந்து 19.9 சதவிகிதமாகத்தான் குறையும். பல கருவிகளில் அபாய எல்லையாகக் குறிக்கப்பட்டுள்ள 19.5-க்கு மேலேயே நிற்கும். ஆனால் 8 மணி நேர வேலைக்கு ஏற்றதெனக் கொள்ளப்படும் கரியமில வாயுவின் எல்லை 0.5 சதவிகிதமே. அதாவது கருவி வாளாவிருக்கையில் மனிதன் எல்லைக்குப் பத்து மடங்கு வாயுவைச் சுவாசித்துக்கொண்டிருப்பான். ஆகவே கரியமில வாயுவையே நேரடியாக அளக்கும் கருவி வேண்டும்.

அடுத்து, இயக்குபெட்டியின் இயக்கு சிலிண்டர்களைக் கழற்றித் தனியே வைக்க வேண்டும். சிலிண்டர் வால்வுகளின் இயக்குமுனைகளில் பாதுகாப்புப் பின்களைச் செருக வேண்டும். ஒவ்வொரு பின்னிலும் சிவப்பு நாடா ஒன்றைக் கட்டி, எத்தனை பின்கள் செருகப்பட்டன என்பதைக் காகிதத்தில் எழுதிக் கையொப்பமிடுதல் வேண்டும். இவ்வெண்ணிக்கை பின்னர் மிகவும் பயன்படும்.

அமைப்பு இவ்வாறு முடக்கப்பட்டிருக்கும் நேரத்தில் கப்பலுக்கு வேறு காவல் தேவை. அந்நேரத்தில் வெல்டிங் முதலிய நெருப்பு வேலைகளை நிறுத்திவைத்து, தண்ணீர்க் குழாய்களையும் கைக்கருவிகளையும் ஆயத்தமாக வைத்து, ஒருவரைக் காவலுக்கு நிறுத்துதல் முறை.

எடை பார்த்தல்

சிலிண்டரின் கழுத்தில் அதன் எண், காலி எடை, நீரழுத்தச் சோதனை செய்த ஆண்டு ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். பெயிண்ட் மூடியிருந்தால் மெல்லச் சுரண்டி எழுத்து தெரியும்படி செய்து வைப்பது ஆயத்த வேலையைச் சேர்ந்தது. காலி எடை 78 கிலோகிராம் என்றிருப்பின், நிறைந்த சிலிண்டர் 123 கிலோகிராம் இருக்க வேண்டும். வாயுவில் 10 சதவிகிதத்துக்கு மேல் குறைந்திருந்தால், அதாவது தராசு 118.5-க்குக் கீழே காட்டினால், அதனைத் திரும்ப நிரப்ப வேண்டும்.

இவ்வெல்லையைத் தவறாகப் பொருள் கொள்ளலாகாது. மேலே சொன்ன 32 சிலிண்டர்களும் 90 சதவிகித அளவில் நின்றால் மொத்த வாயு 1,296 கிலோகிராமே. வேண்டிய 1,429-க்கு அது போதாது. தனித்தனியே தேறிய சிலிண்டர்கள் ஒன்று சேர்ந்து தவறுகின்றன. எனவே ஒவ்வொன்றின் எடையைக் குறித்தபின் மொத்தத்தையும் கூட்டிப் பார்ப்பது அறிவுடைய செயல்.

எடை பார்ப்பதற்குப் பதிலாக, நுண்ணொலிக் கருவியால் திரவத்தின் மட்டத்தைக் கண்டறிவதும் வழக்கம். சிலிண்டரைக் கழற்ற வேண்டியதில்லை என்பதால் இது எளிது. ஆயினும் நம் நாட்டுத் துறைமுகங்களில் கோடைக்காலத்தில் இம்முறை பயன்படாது போகலாம். கரியமில வாயுவுக்கு 31 டிகிரி சென்டிகிரேடு ஓர் எல்லையாகும். அதற்கு மேல் திரவம் என்றும் வாயு என்றும் பிரிவே இல்லை. அதற்குச் சில டிகிரிகள் கீழேயே, நன்கு நிரப்பிய சிலிண்டரில் திரவம் விரிந்து முழு இடத்தையும் அடைத்துக்கொள்ளும். மட்டம் என்று ஒன்று இல்லாதபோது அதைக் கருவி எவ்வாறு காட்டும்? மட்டம் பார்ப்பதாயின் விடியற்காலையில், அறை குளிர்ந்திருக்கும்போது, உஷ்ணநிலையைக் குறித்துக்கொண்டு பார்க்க வேண்டும். ஐயம் எழுந்தால் தராசே சரியான நீதிபதி.

எடை பார்க்கையில் ஒரு நேரத்தில் ஒரு சிலிண்டரின் கட்டை மட்டும் அவிழ்க்க வேண்டும். வால்வின் வாய்க்குக் காப்பு மூடி இட்ட பிறகே அதனை நகர்த்த வேண்டும். நைட்ரஜன் நிரப்பிய இயக்கு சிலிண்டர்களாயின் அவற்றில் திரவம் இல்லை. அழுத்தமானியே அவற்றின் நிலையைக் காட்டும். காலியானவற்றை நிரப்புவதும் நீரழுத்தச் சோதனை செய்வதும் அங்கீகாரம் பெற்ற நிலையங்களில்தான் நடைபெற வேண்டும்.

குழாய்கள், சங்கு, அறையின் அடைப்பு

பகிர்வு வால்வுகளைத் தனித்தனியே கையால் திறந்து மூடிப் பார்த்தல் வேண்டும். பல ஆண்டுகள் அசையாத வால்வு இறுகிவிடும். பிறகு ஒவ்வொரு கிளைக்குழாயிலும் உலர்ந்த காற்றையோ நைட்ரஜனையோ செலுத்தி, எல்லா உமிழ்முனைகளிலும் அது வெளிவருகிறதா என்று காண வேண்டும். உமிழ்முனைகளில் மெல்லிய துணி நாடாக்களைக் கட்டிவைத்தால் காற்று வருவது கண்ணுக்குத் தெரியும். துருச் செதில்களும், கூரைக்குப் பூசும்போது தவறிப் படிந்த பெயிண்டும் உமிழ்முனைகளை அடைப்பது உண்டு. ஈரக் காற்றைச் செலுத்தினால் குழாயின் உட்புறம் துருப்பிடிக்கும் என்பதால் உலர்ந்த காற்றே ஏற்றது.

இயக்கு சிலிண்டர்கள் கழற்றப்பட்ட நிலையில் இயக்குபெட்டியின் கதவைத் திறந்து சங்கையும் விளக்கையும் சோதிக்க வேண்டும். எஞ்சின்கள் இரைந்துகொண்டிருக்கும்போதும் சங்கு எல்லா மூலைகளிலும் கேட்கிறதா என்பதே கேள்வி. அதே சமயம் விசிறிகள் தாமாக நிற்கின்றனவா என்பதையும் காண்க. விசிறி ஓடிக்கொண்டிருந்தால் செலுத்திய வாயு முழுவதும் வெளியே போய்விடும். டாம்பர் என்னும் காற்றடைப்புத் தகடுகள் துருவினால் பாதியில் சிக்கி நிற்பது வழக்கமாகக் காணப்படும் குறை. கதவுகளின் ரப்பர் விளிம்புகள், மின்கம்பிகள் நுழையும் துளைகள், மேற்கூரைச் சன்னல்கள் ஆகிய அனைத்தையும் மூடிப் பார்த்தல் வேண்டும். அடைப்பில்லாத அறையில் வாயு நிற்காது.

இரண்டு வகைத் தவறுகள்

இவ்வேலையில் நேரும் பிழைகளின் விளைவை மெய்யான நிகழ்ச்சிகள் உணர்த்துகின்றன. 2010 நவம்பர் 8-ஆம் நாள், நாலாயிரத்துக்கும் மேற்பட்டோருடன் மெக்ஸிகோவின் கரைக்கு அப்பால் சென்றுகொண்டிருந்த 'கார்னிவல் ஸ்பிளெண்டர்' என்னும் பயணிக் கப்பலின் எஞ்சின் அறையில் தீப்பற்றியது. கரியமில வாயு அமைப்பை இயக்கியபோது அது பணி செய்யவில்லை. பகிர்வு வால்வு திறக்கவில்லை. குழாய் இணைப்புகளில் வாயு கசிந்தது. இயக்கும் முறையைக் கூறும் புத்தகத்திலும் 'திருப்புக' என்றிருக்க வேண்டிய இடத்தில் 'இழுக்க' என்று இருந்ததாக அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் எச்சரிக்கை அறிக்கை குறிப்பிட்டது. உயிர்ச்சேதம் நேரவில்லை, ஆயினும் மின்சாரம் இழந்த கப்பலை இழுத்துத்தான் கரை சேர்க்க வேண்டியதாயிற்று.

இதற்கு நேர்மாறானது மற்றொரு தவறு. 2008 நவம்பர் 8-ஆம் நாள் ஜப்பான் கடலில் வெள்ளோட்டத்தில் இருந்த 'நெர்ப்பா' என்ற ரஷ்ய நீர்மூழ்கிக் கப்பலில், தீ எதுவும் இல்லாதபோதே தீயணைப்பு வாயு வெளிப்பட்டு 20 பேர் மாண்டனர். அங்கே இருந்தது கரியமில வாயு அன்று. ஃபிரியான் வகையைச் சேர்ந்த வாயு. இதே கப்பல் பின்னர் 'சக்ரா' என்னும் பெயருடன் 2012 முதல் 2021 வரை இந்தியக் கடற்படையில் குத்தகையில் பணியாற்றியது. 2019 மே 25-ஆம் நாள் சீனாவின் ஷான்டொங் மாகாணத்தில், பழுதுபார்ப்பில் இருந்த சரக்குக் கப்பல் ஒன்றில் கரியமில வாயு வெளிப்பட்டு 10 பேர் இறந்தனர். 19 பேர் பாதிக்கப்பட்டனர்.

முதல் நிகழ்ச்சியில் வேண்டும்போது வாயு வரவில்லை. பின்னவற்றில் வேண்டாதபோது வந்தது. வாயு வேண்டாதபோது வெளிப்படாதிருக்கச் செருகும் பின்னை எடுக்க மறந்தால், வேண்டும்போதும் அது வெளிப்படாது. சோதனை முடிந்து சான்றிதழும் பெற்ற கப்பல்களில், பின்கள் செருகியபடியே கிடப்பதும், சிலிண்டர் வாயில் காப்பு மூடி நீக்கப்படாமல் இருப்பதும், இயக்குகுழாய் இணைக்கப்படாமல் தொங்குவதும் பல நாடுகளின் சோதனையாளர்கள் கண்ட உண்மைகள்.

திரும்ப இணைத்தலும் பதிவும்

ஆகவே வேலையின் இறுதிப் பகுதிக்கு முதற்பகுதியைவிட மிகுந்த கவனம் வேண்டும். சிலிண்டர்களை இறுகக் கட்டி, மூடிகளை நீக்கி, வளையும் குழாய்களை இணைத்து, இயக்குமுனைகள் ஓய்வு நிலையில் உள்ளனவா எனப் பார்த்த பிறகே அவற்றைப் பொருத்த வேண்டும். ஓய்வு நிலையில் இல்லாத இயக்குமுனையைப் பொருத்தினால் அந்தக் கணமே வாயு பீறிடக்கூடும். பிறகு பின்களை எடுக்க வேண்டும். செருகிய பின்கள் எத்தனையோ அத்தனையும் கையில் வந்து சேர்ந்தனவா என்று எண்ணிக் கையொப்பமிட்ட காகிதத்தோடு ஒப்பிடுக. எண்ணிக்கை ஒன்று குறைந்தாலும் வேலை முடியவில்லை. இயக்கு சிலிண்டர்களை எல்லாவற்றுக்கும் கடைசியாக இணைத்தல் வேண்டும். வேலை செய்தவர் அல்லாத மற்றொருவர் இவை அனைத்தையும் மீண்டும் ஒரு முறை பார்ப்பது நன்று.

சர்வேயர் வரும்போது அமைப்பின் வரைபடம், இயக்கும் முறைப் புத்தகம், முந்திய சான்றிதழ்கள், ஒவ்வொரு சிலிண்டரின் எடைப் பட்டியல் ஆகியவை ஆயத்தமாக இருக்க வேண்டும். இயக்குபெட்டியின் அருகில் ஒட்டியுள்ள குறிப்பு, கப்பல் ஊழியர் அறிந்த மொழியில், உண்மையான கைப்பிடிகளுக்குப் பொருந்தும்படி உள்ளதா என்பதை முன்னரே படித்துப் பார்த்தல் அவசியம். சாவி அதற்குரிய கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறதா என்பதும் சிறிய காரியம் அன்று. ஊழியர்களுள் ஒருவரை அழைத்து, 'இப்போது தீப்பற்றியது. நீர் என்ன செய்வீர்?' என்று சர்வேயர் வினவுவதும் உண்டு. அதற்குரிய விடை ஆட்களை எண்ணுவதில் தொடங்க வேண்டும், கைப்பிடியில் தொடங்கலாகாது.

சிலிண்டர்களுக்குப் புதிய பெயிண்ட் பூசி அறையைத் துப்புரவாக்குவது விரும்பத்தக்கதே. ஆனால் அதனோடு ஆயத்தம் முடிந்துவிடுவதில்லை. சர்வேயர் கப்பலில் இருப்பது சில மணி நேரமே. அவர் இறங்கிச் சென்றபின் அவ்வமைப்பை நம்பிக் கடலில் பல மாதங்கள் வாழப்போகிறவர்கள் கப்பல் ஊழியர்கள். சோதனைக்குப்பின், செருகிய பின்கள் எல்லாம் கைக்கு வந்து, சிலிண்டர்கள் நிறைந்து, வால்வுகள் அசைந்து, சங்கு ஒலிக்கும் நிலையில் கப்பல் துறைமுகத்தை விட்டுப் புறப்படுமாயின், செய்த வேலை அதன் பயனைத் தந்ததாகும்.